பலெர்மோவில் மூன்று நாட்கள்

இத்தாலிக்குப் போகிறேன் என்றதும் புத்தளத்து நண்பர்கள் ரோமாபுரியைப் பற்றியும் வெனிஸைப் பற்றியுமே பேசினார்கள். தம்பியின் மகன் பொலோஞ்ஞாவில் குடும்பத்தோடு இருக்கிறான். 2023 பெப்ரவரியில் அவன் வீட்டில் மூன்று வாரம் தங்குவதாக ஏற்பாடு. "பெரிய வாப்பா, எங்க போகணும்? சொல்லுங்க" என்று கேட்டான். பலெர்மோ என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. "அங்க என்ன இருக்கு? குப்பையும் மாஃபியாவும்தான்" என்றான். வடக்கு இத்தாலியில் சில வருடம் வாழ்ந்தவர்களுக்குத் தெற்கைப் பற்றி அப்படித்தான் பேச வரும் போலும்.

நான் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவன். இப்னு ஜுபைரின் பயண நூலை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்த காலத்திலிருந்து அந்தத் துறைமுகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. மலிவான விமானச் சீட்டு ஒன்று கிடைத்தது. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகவே போனேன்.

பலெர்மோ என்ற பெயரின் மூலம் கிரேக்கம். முழுவதும் துறைமுகம் என்று பொருள்படும் 'பனோர்மோஸ்'தான் அரபுகளின் வாயில் 'பலர்ம்' ஆகிப் பின்னர் பலெர்மோ ஆயிற்று. ஒரு காலத்தில் கடல் ஊருக்குள் வெகுதூரம் புகுந்திருந்தது. இரு பக்கமும் இரண்டு சிற்றாறுகள் வந்து விழுந்தன. இன்று அந்த ஆறுகள் தெருக்களின் அடியில் மறைந்துவிட்டன. பழைய துறைமுகமான 'காலா' உல்லாசப் படகுகள் கட்டிக் கிடக்கும் ஒரு குட்டையாகச் சுருங்கிப் போயிருக்கிறது. பெரிய கப்பல்கள் அதற்கு வடக்கே நிற்கின்றன. அவற்றில் ஒன்று தூனிஸுக்குப் போகிற கப்பல். கூரையில் மெத்தையும் சைக்கிளும் கட்டிய வாகனங்கள் அதற்குள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அரபு மொழி இந்தத் துறைமுகத்துக்கு வந்து போவது இன்னும் நிற்கவில்லை.

கி.பி. 827இல் அக்லபிகளின் படை ஸிஸிலித் தீவில் இறங்கியது. 831இல் பலெர்மோ அவர்கள் கைக்கு வந்தது. 1072இல் நோர்மானியர் அதைப் பிடிக்கும்வரை முஸ்லிம்களின் ஆட்சி. இருநூற்று நாற்பது வருடம் என்பது நீண்ட காலம். ஆனால் அந்தக் காலத்தில் எழுந்த கட்டிடம் என்று முழுமையாகக் காட்ட இன்று இந்த ஊரில் அநேகமாக எதுவும் இல்லை. மிஞ்சியிருப்பவை பெயர்கள். பிரதான வீதியைப் பழையவர்கள் 'கஸ்ஸாரோ' என்கிறார்கள். அது அல்-கஸ்ர், கோட்டை. கடலோரக் குடியிருப்பு 'கல்ஸா'. அது அல்-காலிஸா, அமீர்கள் இருந்த பகுதி. ஓர் ஒடுக்கமான சந்துக்கு 'லத்தாரீனி' என்று பெயர். அல்-அத்தாரீன், அதாவது அத்தர் வியாபாரிகள். நான் போனபோது அங்கே அத்தர் மணக்கவில்லை. ஆனாலும் ஒரு தரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன்.

973இல் இங்கு வந்த இப்னு ஹவ்கல் இந்த ஊரில் 300க்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதினார். ஆளுக்கொரு பள்ளிவாசல் கட்டிக்கொள்ளும் பெருமையை அவர் இரசிக்கவில்லை. அது நமக்கும் புதிய விடயமல்ல! மதரஸா ஆசிரியர்கள் மீது அவருக்கு இன்னும் கோபம். போருக்குப் போகாமல் தப்பவே இத்தனை பேர் ஆசிரியர் ஆனார்கள் என்கிறார். ஊர்மக்கள் காலையும் மாலையும் பச்சை வெங்காயம் தின்று புத்தி கெட்டுப் போனார்கள் என்று வேறு எழுதி வைத்திருக்கிறார். ஓர் ஆசிரியன் என்ற முறையில் அவரை நான் மன்னிப்பதாக இல்லை. ஆனால் பள்ளிவாசல்கள் எல்லாம் போய், அவற்றைப் பற்றி முகம் சுளித்த அந்தப் பயணியின் எழுத்துத்தான் எஞ்சியிருக்கிறது. 

தேவாலயம் இருந்த இடத்தில் ஜும்ஆப் பள்ளிவாசல் எழுந்தது. பள்ளிவாசல் இருந்த இடத்தில் மறுபடி தேவாலயம் எழுந்தது. 1185இல் கட்டிய பேராலயத்தின் தெற்கு வாசலில், இடது பக்கத் தூண் ஒன்றில் அரபு எழுத்து இருக்கிறது. ஸூரா அல்-அஃராபின் 54ஆம் வசனம். எழுத்துக்கள் தேய்ந்துபோய், தெரிந்தவன் தேடினால்தான் தெரியும். பக்கத்தில் ஒரு பிச்சைக்காரப் பெண் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூசைக்கு வந்தவர்கள் அந்தத் தூணில் கை வைத்துப் படியேறினார்கள். அரண்மனைக்குள் இருக்கும் 'பலத்தீனா' தேவாலயத்தில் இன்னொரு அதிசயம். சுவரெல்லாம் ஈஸா நபியும் சீடர்களும் பொன் மொசைக்கில் மின்னுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் தேன்கூடு போல மரத்தில் செதுக்கிய முகர்னஸ் கூரை. எண்முனை நட்சத்திரங்கள், அவற்றைச் சுற்றிக் கூபி எழுத்தில் வாழ்த்துச் சொற்கள். இரண்டாம் ரோஜர் மன்னன் 1140களில் முஸ்லிம் கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்தது. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். காவலாளி கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னான்.

இந்த ரோஜரின் அரசவையில்தான் அல்-இத்ரீஸி இருந்தார். 1154இல் அவர் எழுதி முடித்த புவியியல் நூலுக்கு மன்னனின் பெயரே வைக்கப்பட்டது. அந்த நூலில் நம்முடைய ஸரந்தீபும் உண்டு. ஸரந்தீபின் அரசனுக்கு 16 மந்திரிகள். 4 பேர் அவனுடைய மார்க்கத்தவர், 4 பேர் கிறிஸ்தவர், 4 பேர் முஸ்லிம்கள், 4 பேர் யூதர் என்று இத்ரீஸி எழுதுகிறார். கொழும்பில் இருந்து வாசித்தபோது இதை நம் முன்னோருக்குக் கிடைத்த ஒரு சான்றிதழாக நினைத்து மகிழ்ந்ததுண்டு. பலத்தீனாவின் கூரைக்குக் கீழே உட்கார்ந்து யோசித்தபோது வேறொன்று தோன்றியது. லத்தீனும் கிரேக்கமும் அரபும் ஒரே அலுவலகத்தில் எழுதப்பட்ட அரண்மனை இது. அதற்குள் இருந்த ஒருவர் தூரத்து மன்னன் ஒருவனின் சபையையும் அதேபோல் நிரப்பிவிட்டார் போலும். ஸரந்தீபைப் பற்றி எழுதும் சாக்கில் அவர் ரோஜருக்கு ஏதோ சொன்னாரா என்றும் கேட்கலாம்.

இப்னு ஜுபைர் 1184 டிசம்பரில் வந்தார். ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில் மெஸ்ஸீனாவுக்கு அருகே கப்பல் உடைந்து கரையேறியவர். அது நோன்பு மாதம். பலெர்மோவில் ஏழு நாட்கள் தங்கினார். அரபு எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டாம் வில்லியம் அப்போது மன்னன். முஸ்லிம்கள் தங்களுக்கென்று குடியிருப்புகளோடும் காழியோடும் இருந்தார்கள். பாங்கு கேட்டது. ஆனால் ஜும்ஆ குத்பாவுக்குத் தடை. பெருநாளில் மாத்திரம் அனுமதி. மேலோட்டமாகப் பார்த்தால் குறையொன்றும் இல்லை. திராப்பானிக்குப் போய்ப் பெருநாளைக் கொண்டாடியபோது தம்பூரும் கொம்பும் முழங்க மக்கள் திடலுக்குப் போனதைக் கண்டு அவரே ஆச்சரியப்படுகிறார். அதே பக்கங்களில்தான் இன்னொன்றையும் எழுதுகிறார். ஊரில் மதிப்பான ஒருவர் தன் மகளை ஏற்றுக்கொள்ளும்படி ஹாஜிகளில் ஒருவரிடம் ஆளனுப்பினார். நீ மணந்தாலும் சரி, உன் ஊரில் தகுந்த ஒருவனுக்கு மணமுடித்துக் கொடுத்தாலும் சரி, இங்கிருந்து கூட்டிக்கொண்டு போ. அவ்வளவுதான் வேண்டுகோள். மகளும் சம்மதித்தாள். பெருநாள் கொட்டு முழங்கும் ஊரில் ஒரு தகப்பனுக்கு என்ன தெரிந்திருந்தது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவர் பயந்தது வந்தது. 1189இல் வில்லியம் இறந்ததும் பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். தப்பியவர்கள் மேற்கு மலைகளுக்கு ஓடினார்கள். 1220களில் இரண்டாம் பிரடெரிக் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கடல் கடத்தி, இத்தாலியப் பெருநிலத்தில் லூசேரா என்ற ஊரில் குடியேற்றினான். அந்தப் பிரடெரிக் அரபு அறிஞர்களை மதித்தவன் என்று வரலாற்றில் பெயரெடுத்தவன். பலெர்மோப் பேராலயத்தில் சிவப்புக் கல்லறையில் படுத்திருக்கிறான். யாரோ அவன் காலடியில் பூ வைத்திருந்தார்கள். லூசேராவில் அந்த மக்கள் மூன்று தலைமுறை வாழ்ந்தார்கள். 1300இல் அஞ்சுவின் இரண்டாம் சார்ள்ஸ் அந்த ஊரையும் கலைத்து அவர்களை அடிமைகளாக விற்றான்.

இரண்டாம் நாள் பல்லாரோச் சந்தைக்குப் போனேன். இந்தப் பெயரும் அரபு வழியானதே. மொன்றியாலே பக்கம் இருந்த பல்ஹரா என்ற கிராமத்திலிருந்து வந்தது என்கிறார்கள். இல்லை, தக்கணத்து மன்னர்களை அரபுப் பயணிகள் அழைத்த பல்ஹரா என்ற பட்டத்திலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. தோடம்பழக் குவியல்கள், வாள் மீனின் தலை, எள்ளுத் தூவிய ரொட்டி. எள்ளை இங்கு 'ஜுஜுலேனா' என்கிறார்கள்; அது அரபியின் 'ஜுல்ஜுலான்'. கடலை மாவைத் தட்டிப் பொரித்த 'பனெல்லே'யை ரொட்டிக்குள் வைத்துத் தந்தார்கள். ஹலாலா ஹராமா என்று கேட்கத் தேவையில்லாத சாப்பாடு. நின்றபடி தின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்:

"அந்தப் பெட்டியை இஞ்சால வை மோனை, ஆக்கள் போகவேணும்."

திரும்பினேன். ஒரு சிறிய பலசரக்குக் கடை. வாசலில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும். உள்ளே கல்லாவுக்குப் பின்னால், நெற்றியில் திருநீற்றோடு, ஐம்பத்தைந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். பலெர்மோவில் யாழ்ப்பாணத்தவர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று வாசித்திருந்தேன். 1980களில் வரத் தொடங்கியவர்கள். வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, இப்போது சிலருக்குக் கடைகள். இருந்தாலும் அந்த 'இஞ்சால' காதில் விழுந்ததும் கையிலிருந்த ரொட்டியை மறந்துவிட்டேன்.

என் தொப்பியைப் பார்த்துவிட்டு அவர்தான் முதலில் கேட்டார்.

"நானா எவடம்?"

"யாழ்ப்பாணம்."

"யாழ்ப்பாணத்தில?"

"சோனகத் தெரு."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துத் துடைத்துப் போட்டார். பிளேன்டீ வந்தது. அவர் 1989இல் வந்தவராம். ஊர் நாவாந்துறைப் பக்கம். ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பின்னால் பந்து விளையாட வந்த கதையைச் சொன்னார். எங்கள் தெருவில் தைக்கக் கொடுத்த பெல்பொட்டம் கால்சட்டையைப் பற்றிச் சொன்னார். இப்போது எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். புத்தளம் என்றேன். அதற்குப் பிறகு சற்றுநேரம் இருவரும் தேநீரைக் குடித்தோம்.

"அந்த நேரம் நீங்கள் அங்கைதானோ?"

"ஓம்."

1990 ஒக்டோபர் 30 அன்று எங்களுக்குக் கிடைத்த நேரம் இரண்டு மணித்தியாலம். உம்மாவுக்கு நடக்க முடியாது. பிள்ளைகள் சிறியவர்கள். இதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லவில்லை. இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கும் சொல்லத் தேவையில்லை. அவரே சொன்னார்:

"அம்மா பிறகு கடிதம் போட்டவ. தெரு வெறிச்செண்டு கிடக்காம். தையல்காரரும் இல்லை, இரும்புக் கடையும் இல்லை, ஒரு நாய் மட்டும் பள்ளிவாசல் வாசல்ல படுத்திருந்ததாம்." தலையை மெதுவாக ஆட்டிவிட்டுத் தனக்குள் சொல்வது போலச் சொன்னார்: "மிஸ்கீனு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "என்ன சொன்னீங்க?"

"அது இஞ்சத்தைய சொல்லு நானா. ஸிஸிலிக்காரர் வாயைத் திறந்தால் அதுதான். ஆரும் செத்தால், விழுந்தால், வேலை போனால் மிஸ்கீனு. பாவம் எண்டு கருத்து. முப்பது வருசம் கேட்டுக் கேட்டு எனக்கும் வந்திட்டுது."

மிஸ்கீன். பெருநாளைக்கு முதல் நாள் ஃபித்ரா அரிசி அளக்கும்போது என் உம்மா சொல்லும் சொல். வாசலில் வந்து நிற்பவருக்குச் சில்லறை கொடுத்தனுப்பும்போது சொல்லும் சொல். அது எங்கள் வீட்டுச் சொல் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. பக்கத்துக் கடையில் ஒலிவ் காய் விற்கும் கிழவரைக் கூப்பிட்டு இத்தாலியனில் ஏதோ கேட்டார். கிழவர் கையை விரித்து, இது ஸிஸிலியானோ, நம்முடைய பாட்டன் காலத்துப் பேச்சு என்றார். அரபு என்று எடுத்துச் சொன்னதும் சிரித்துவிட்டு, இருக்கலாம், இங்கே எல்லோரும் வந்து போனவர்கள்தானே என்று சொல்லியபடி போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்காரர் பெல்லகிரீனோ மலைக்கு ஏறுவாராம். துறைமுகத்துக்கு மேலே நிற்கும் அந்த மலையின் குகையில் சாந்தா ரொஸாலியாவின் கோவில் இருக்கிறது. 1624இல் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவள் என்று பலெர்மோக்காரர் கொண்டாடும் புனிதை. நம்முடைய சைவக்காரர்களும் கத்தோலிக்கரும் ஒன்றாக, பலர் வெறுங்காலோடு, அந்த மலையில் ஏறுகிறார்கள். "மாதா மாதிரித்தான் நானா, அம்மன் மாதிரியும்தான்" என்றார். ரொஸாலியா வாழ்ந்தது நோர்மானிய மன்னர்களின் காலம் என்பது மரபு. அப்படியென்றால் அவளும் இந்தத் தெருக்களில் பாங்கு கேட்டிருப்பாள். என் முழங்காலுக்கு அந்த மலை சரிவராது. துறைமுகத்தில் நின்று பார்த்ததோடு திருப்திப்பட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவர் தனது சிறிய வானில் என்னை ஸீஸா மாளிகைக்குக் கூட்டிப் போனார். அல்-அஸீஸ் என்ற பெயர்தான் ஸீஸா ஆகியிருக்கிறது. அப்துல் அஸீஸ் என்று ஒருவராவது இல்லாத தெரு நம்மிடையே உண்டா? முதலாம் வில்லியம் 1165 அளவில் தொடங்கி அவன் மகன் முடித்த கோடை மாளிகை. உள்ளே தண்ணீர் வழிந்தோடும் சலவைக்கல் வாய்க்கால், அதன் ஈரக்காற்று மேலே ஏறிப்போகும் வழிகள். ஆனால் நான் தேடி வந்தது அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல்லை.

பெரிய கல் அல்ல. ரோஜர் மன்னனின் பாதிரியாரான கிரிஸாந்து என்பவர் தன் தாய் அன்னாவுக்காக 1149இல் வைத்த கல். நடுவில் சிலுவை. அதைச் சுற்றி நான்கு பக்கமும் எழுத்து. இடது பக்கம் லத்தீன், வலது பக்கம் கிரேக்கம், கீழே அரபு, மேலே எபிரேயம். அன்னா இறந்த வருடத்தை ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு கணக்கில் சொல்கிறது. அரபுப் பக்கத்தில் ஹிஜ்ரி 543. ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் தன் தாய் மௌத்தான செய்தியை ஊரில் உள்ள எல்லோருக்கும் அவரவர் எழுத்தில், அவரவர் நாட்காட்டியில் அறிவித்திருக்கிறார்.

"அப்ப நாலு பாசை" என்றார் கடைக்காரர்.

"மூன்று பாஷைதான். எழுத்துத்தான் நாலு."

மேலே இருப்பது எபிரேய எழுத்து, ஆனால் மொழி அரபு என்று விளங்கப்படுத்தினேன். இந்த நாட்டு யூதர் பேசியது அரபு; எழுதியது தம் வேத எழுத்தில். அவர் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் வீட்டில் உம்மும்மாவின் பெட்டியில் இருந்த கிதாபுகளைப் பற்றிச் சொன்னேன். பார்த்தால் அரபு எழுத்து. வாசித்தால் தமிழ். வாழைச்சேனையிலிருந்து காயல்பட்டினம்வரை நமது பெண்கள் மார்க்கத்தை அப்படித்தான் படித்தார்கள். அந்தப் பெட்டியை நாங்கள் எடுத்து வரவில்லை. அதை மட்டும் அவரிடம் சொன்னேன்.

"ஏன் நானா, தமிழ் எழுத்தில எழுதினால் என்ன?"

நல்ல கேள்விதான். எழுத்து மார்க்கத்தோடு வருகிறது, மொழி பாலோடு வருகிறது, இரண்டையும் விட மனம் வராதவர்கள் இப்படி எழுதுகிறார்கள் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தன் பேரப்பிள்ளை தமிழ்த் தேவாரத்தை இத்தாலிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவதாகச் சொன்னார். கோவில் திருவிழாவுக்காம். "நான் பேசினனான், உருப்படியாத் தமிழ் படியெண்டு. இனிப் பேசேல்லை" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் வாழ்ந்தும் ஸீஸாவுக்குள் அன்றுதான் முதல் தடவையாக வந்தாராம். கல்லைத் தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். காலியில் 1911இல் கண்டெடுத்த, சீனமும் தமிழும் பாரசீகமும் பொறித்த கல்லொன்று கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது, ஊருக்குப் போனால் பாருங்கள் என்றேன். புத்தரையும் தென்னாவரை நாயனாரையும் அல்லாஹ்வையும் ஒரே கல்லில் அவரவர் மொழியில் புகழ்ந்து சீனர் வைத்த கல். "கொழும்பில நாங்கள் மியூசியம் பார்க்கவே போனது?" என்று சிரித்தார்.

கடைக்குத் திரும்பி வந்ததும் யாழ்ப்பாணத்துக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். அங்கே பின்னேரமாகியிருந்தது. எண்பத்து நான்கு வயது அம்மா. முகம் பாதி தெரிய, நெற்றி மட்டும் தெரிய, பிறகு ஒரு காது தெரிந்தது.

"அம்மா, ஆர் வந்திருக்கினம் எண்டு பாருங்கோ. சோனகத் தெரு நானா ஒராள்."

"ஆற்ற மோன்?"

வாப்பாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. மாமாவின் பெயரைச் சொன்னேன். மூலையில் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர்.

"ஓ, அவரோ! இப்பவும் அந்தச் சந்தியை நாங்கள் அவற்ற கடையடி எண்டுதானே சொல்லுறது. அவற்ற கடையடியில இறக்கிவிடு எண்டால் ஓட்டோக்காரப் பெடியன் கொண்டுபோய் இறக்குவான்."

"கடை இருக்கா அம்மா?" என்று கேட்டேன்.

"கடை எங்கை மோனை? அதில இப்ப போன் விக்கிற கடையெல்லோ. அந்தப் பெடியனுக்கு உங்கட மாமா ஆரெண்டே தெரியாது." பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "எப்ப வாறியள்?"

மாமா 1998இல் புத்தளத்தில் மௌத்தானார் என்பதைச் சொன்னேன். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலும். எப்போது வருகிறீர்கள் என்று திரும்பவும் கேட்டார். இன்ஷா அல்லாஹ் என்றேன்.

விமான நிலையத்துக்கு பஸ் ஏறப் புறப்பட்டபோது கடைக்காரர் எள்ளு ரொட்டி இரண்டைக் கடதாசியில் சுற்றித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பொலோஞ்ஞா போய்ச் சேர்வதற்குள் ஒன்று முடிந்துவிட்டது. மற்றதைத் தம்பி மகனின் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.